பொங்கல் விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு, பானை செய்கிற ஒருத்தி எழுதும் திறந்த மடல்

கோலாலம்பூரில் வருடா வருடம் பொதுப் பொங்கல் வைக்கும் குழுவின் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், அந்தக் குழுவில் சேர்ந்திருக்கும் கோயில், சங்கப் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும்,

டிசம்பர் நடுவில் உங்கள் குழுவிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இந்த வருடம் பானைகள் வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வருகின்றன, அதனால் என்னிடம் சொல்லியிருந்த 500 பானை வேண்டாம், ஆனால் விழா அன்று சக்கரத்தோடு வந்து இரண்டு மணி நேரம் பானை செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு நம் பாரம்பரியம் தெரியும், சாப்பாடும் பொன்னாடையும் உண்டு என்று அதில் இருந்தது. பதில் எழுதினேன், போன் செய்தும் பார்த்தேன், ‘கமிட்டி முடிவு’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். இது என் ஒருத்தியின் 500 பானைக் கதை மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்குத் தெரிந்த பானைக்காரர்களில் இந்த மாதிரிச் செய்தி வராதவர்கள் குறைவு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் கோலாலம்பூர்ச் செந்தூலில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார்கள். மாதிரிப் பானைகளைத் தட்டிப் பார்த்து, அரைக் கிலோ அரிசி பொங்குகிற அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பானை 15 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி, ஜனவரி முதல் வாரத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, முன்பணமும் இல்லை. முந்தைய வருடங்களிலும் அப்படித்தான் எடுத்தீர்கள், விழா முடிந்து பணம் கைக்கு வரப் பங்குனி ஆகிவிடும், ஆனாலும் வந்துவிடும். வாய்ச்சொல்லை நம்பி மண்ணில் கை வைப்பதுதான் எங்கள் தொழிலில் இன்றுவரை இருக்கிற நடைமுறை. ஆகஸ்டில் தொடங்காவிட்டால் தைக்குப் பானை கிடையாது.

ஏன் ஆகஸ்ட் என்று உங்களில் பலர் யோசித்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். அக்டோபர், நவம்பரில் நம் மேற்குக் கரைப் பக்கம் மழை கொட்டும். பச்சைப் பானையை நேர் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் சுருங்கி விரிசல் விடும், அதனால் நிழலில் வைத்துத் திருப்பித் திருப்பி ஆறவிட வேண்டும். மழை மாதத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது எங்கே ஆறுவது? வாய்ப்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்போடு சூளையில் அடுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பானையை வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. அதனால் மழைக்கு முன்னாலேயே முடிந்தவரை வனைந்து, தட்டி, காயவைத்து, சுட்டுப் பத்திரப்படுத்திவிடுவோம். டிசம்பர் நடுவில் நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னபோது அந்த 500 பானையில் பெரும்பகுதி சூளையிலிருந்து இறங்கி, வைக்கோல் சுற்றி, என் பட்டறைச் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. சுட்ட மண்ணைத் திரும்பக் களிமண்ணாக்க முடியாது.

பொங்கல் பானை சக்கரத்தில் ஒரே மூச்சில் முடிகிற வேலையும் இல்லை. விழா மேடையில் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அதில் காட்ட முடிவது பாதிதான். சக்கரத்தில் வருவது வாயும் கழுத்தும் தோளும், அடி கனமாகவே நிற்கும். அதை அறுத்து எடுத்துப் பாதி காய விட்டு, அப்புறம் மடியில் வைத்து, இடது கையால் உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைப் பிடித்து, வலது கையில் இருக்கும் தட்டுப்பலகையால் வெளியே தட்டித் தட்டித்தான் அடியை உருட்டி மூட வேண்டும். உள்ளே இருக்கும் கல்லும் வெளியே விழும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும், கண்ணால் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்தும் கைக்குத் தெரிகிற கனத்தை வைத்தும்தான். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் மெலியும், அடி உருண்டு வரும். உருண்டை அடிதான் நெருப்பைச் சமமாக வாங்கும். அப்பா பிடித்த தட்டுப்பலகையில் அவர் கட்டைவிரல் இருந்த இடம் தேய்ந்து குழிந்திருக்கும். என் விரல் அதில் கொஞ்சம் லூசாகத்தான் உட்காரும், ஆனாலும் வேறு பலகை எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

விலை. கண்டெய்னர் பானை 9 வெள்ளிக்கு வருகிறது, உன்னுடையது 15 என்றார்கள். உண்மைதான். என் 15 வெள்ளியில் கோலசிலாங்கூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் மண் இருக்கிறது, மண் மிதிக்கவும் சலிக்கவும் வருகிற அக்காவின் கூலி இருக்கிறது, விறகு இருக்கிறது, உறவினர் வீட்டுச் சூளைக்குப் பச்சைப் பானையை ஏற்றிப்போய்ச் சுட்டுத் திரும்பக் கொண்டுவரும் வேன் வாடகை இருக்கிறது, செந்தூல் கடை வாடகை இருக்கிறது, சூளையில் உடைகிற பானைகளின் விலை மிச்சப் பானைகள் மேல் ஏறியிருக்கிறது. இத்தனையும் கழித்தால் ஒரு பானையில் எனக்கு நிற்பது ஒரு தே தாரே டீக்குச் சரியாக இருக்கும். மரச்சூளையைக் கோலாலம்பூருக்குள் மூட்ட முடியாது, புகை வரும், பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுப்பார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதற்காகத்தான் அந்த வேன். உறவினரின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், சூளை இருக்கும் நிலமும் தற்காலிக லைசென்ஸில் இருப்பது, வருடம் பிறந்தால் புதுப்பிக்க வேண்டும், அடுத்த வருடம் கிடைக்குமா என்று டிசம்பர் முழுக்கக் கவலை. இந்த நிலைமையில் புதிதாக ஒரு நல்ல சூளை கட்ட யாருக்குத் தைரியம் வரும்?

அந்தக் கண்டெய்னர் பானைகளைச் செய்த தமிழ்நாட்டுக் குயவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என் தாத்தா அங்கிருந்து வந்தவர்தான். அந்த 9 வெள்ளியில் கப்பல் கூலியும் மொத்த வியாபாரி லாபமும் போக, அங்கே மண் மிதித்தவர் கையில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அங்கேயாவது மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு என்று நல வாரியம் இருக்கிறது, மழைக்காலத்தில் வேலை நின்றுபோவதால் அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது, பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்கிறார்கள். இங்கே நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். எங்களுக்கு வாரியம் என்றால் அது நீங்கள்தான், நீங்கள் கொடுக்கும் ஆர்டர்தான்.

இரண்டாவது காரணம், உன் பானையில் கறுப்புத் திட்டு இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி இல்லை, போட்டோவில் நன்றாக விழாது என்றது. மரச்சூளையில் பானையைத் தலைகீழாக அடுக்கி விறகும் தேங்காய் மட்டையும் போட்டு மூட்டும்போது, காற்று நன்றாகப் படுகிற இடத்தில் மண்ணிலிருக்கும் இரும்பு சிவக்கும், காற்றுப் படாமல் புகை தேங்கும் இடத்தில் கறுக்கும். அந்தத் திட்டு குறை கிடையாது. அது நெருப்பு போன வழி. பானை சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று சத்தம் வந்தால் நல்ல பானை, சொத்தென்று வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. ஆகஸ்டில் வந்த உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் இப்படித் தட்டித்தான் எடுத்தார்கள். அப்போது அவர்களுக்குக் கறுப்புத் திட்டு தெரியத்தான் செய்தது.

இப்போது நீங்கள் எடுத்திருக்கும் பானையின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட், மேலே மஞ்சளிலும் வெள்ளையிலும் கோலம், கரும்பு, சூரியன். பார்க்க அழகுதான். ஆனால் அது சுட்ட பிறகு அடித்த எனாமல் பெயிண்ட். நீங்கள் அதை அலமாரியில் வைக்கப் போவதில்லை, மூன்று கல் வைத்து விறகடுப்பில் ஏற்றப் போகிறீர்கள். நெருப்புப் பட்டதும் பெயிண்ட் கொப்புளிக்கும், கருகும், நாறும், அந்தப் புகையில் நின்றுதான் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல வேண்டும். எங்கள் பானைக்குச் சிவப்பு வேண்டுமென்றால் சுடுவதற்கு முன்பே செங்காவிக் குழம்பு பூசித் தேய்த்து, பானையோடு சேர்த்துச் சுடுவோம், அது மண்ணோடு மண்ணாக இருக்கும், கருகாது. கோலம் வேண்டும் என்று கேட்டிருந்தால் வெள்ளைக் களிமண் குழம்பில் வரைந்து சுட்டுக் கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லையே.

அப்புறம் அந்த ஸ்டிக்கர் விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. போன வருடம் என் பானைகளின் அடியில் நான் கீறி வைத்திருந்த சிறிய அடையாளத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை இது இல்லாமல் கொடுங்கள், பானையில் ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், வேறு பெயர் இருந்தால் நன்றாக இருக்காது என்றீர்கள். அதே விழா மேடையின் பின்னணியில் பதினைந்தடிப் பதாகையில் கீழடிப் பானை ஓட்டின் படம். அந்த ஓடுகள் ஏன் உலகத்துக்கே முக்கியம் என்று உங்கள் பேச்சாளர் அன்று நன்றாகச் சொன்னார், பானையின் மேல் சாதாரண மனிதர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் இன்றைக்கும் படிக்க முடிகிறது, 2019இல் வெளிவந்த தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை அந்தக் குடியிருப்பைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது என்றெல்லாம். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டில் இருப்பது வைத்திருந்தவர் பெயரோ செய்தவர் பெயரோ, பானையில் பெயர் இருந்தது என்பதற்காகக் கை தட்டும் குழுவுக்கு, உயிரோடு இருக்கும் ஒருத்தி அடியில் ஒரு சிறிய கீறல் போடுவது ஏன் இடைஞ்சலாக இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்களை நீங்கள் தையில் மட்டும்தான் நினைக்கிறீர்கள். நாங்கள் வருடம் முழுக்க உங்கள் வீட்டுக் காரியங்களுக்குத்தான் வேலை செய்கிறோம். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல், மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி, முளைப்பாரிக்குச் சட்டி, கும்பாபிஷேகத்துக்குக் கலசம், கல்யாணத்துக்கு அரசாணிப் பானை. அப்புறம் கொள்ளிக்குடம். ராத்திரி எந்நேரமும் போன் வரும், இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிறவர் பேசுவார், “காலையில எடுக்கிறாங்க, ஒரு குடம் வேணும்” என்பார். அதற்காகவே சிலவற்றை எப்போதும் தனியாகச் சுட்டு வைத்திருப்பேன், துளை போடும்போது நொறுங்கிவிடாமல், தோளிலிருந்து விழுந்ததும் உடைந்துவிடுகிற கனத்தில். அதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை, சில நேரம் நானும் காசு வாங்குவதில்லை. பெற்றவர்களை வழியனுப்ப நான் செய்த குடத்தைத் தூக்கிய கைகள் உங்கள் குழுவிலேயே இருக்கின்றன. உங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் கூடவே இருக்கிறவர்களை ஒரு வாட்ஸ்அப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட முடிகிறதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

செய்து காட்டச் சொல்கிறீர்களே, அதைப் பற்றியும் பேசிவிடுவோம். நான் சக்கரத்தில் உட்கார்ந்ததே சுலபமாக நடந்தது இல்லை. எங்கள் வழியில் பெண்கள் மண் சலிப்பார்கள், மிதிப்பார்கள், அகல் பிடிப்பார்கள், பானையைத் தேய்த்து மெருகேற்றுவார்கள், சக்கரம் ஆண்களுக்கு. தம்பி இந்த வேலை வேண்டாம் என்று கிராப் வாடகை வண்டி ஓட்டப் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உறவில் சிலர் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார்கள். அப்பா ஒன்றுதான் சொன்னார், மண்ணுக்குக் கை தெரியும், ஆளைத் தெரியாது என்று. அவரிடம் கற்றுக்கொண்ட பிறகு, பகலில் கடையில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் ஒரு பீங்கான் பட்டறையில் சேர்ந்து மின்சாரச் சூளையும் மெருகுப் பூச்சும் கற்றேன். அங்கே போனபோதுதான் அப்பாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குப் புரிந்தது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரிகிறது, அந்த இடத்தில் அவசரப்பட்டால் பானை கீறிவிடும் என்று அங்கே மீட்டரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா மீட்டரைப் பார்த்ததே கிடையாது. புகையின் நிறம் மாறுவதையும் சூளை மூச்சுவிடுகிற விதத்தையும் பார்த்து, ‘இப்போ விறகு தள்ளாதே, கொஞ்சம் பொறு’ என்று அதே இடத்தில்தான் நிறுத்துவார்.

இரண்டையும் சேர்த்து என்ன செய்யலாம் என்பதுதான் இப்போது என் வேலை. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து ஆள் உயரத் தாழி ஒன்றைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று ஆசை, இடுப்பளவு வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் நான் சுடும் சூளையின் வாய் கொள்ளாது. தீச்சட்டியின் வடிவத்தை எடுத்து, எரிந்து அணைந்த பிறகு அதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்பதை மெருகில் கொண்டுவர ஒரு வரிசை செய்திருக்கிறேன். இவற்றை ஒரு கைவினைக் கண்காட்சிக்கு எடுத்துப்போனபோது, இது சமயப் பொருள் மாதிரி இருக்கிறது, கைவினைப் பிரிவில் வராது என்றார்கள். நம்மவர் விழாவில் கேட்டால், பொங்கல் பானை மட்டும் போதும், இதெல்லாம் யார் வாங்குவார்கள் என்கிறீர்கள். நான் எங்கேதான் போவது? பினாங்கில் இதே தொழிலில் இருக்கும் ஒரு அண்ணன், ஜார்ஜ்டவுன் பக்கம் வரும் சுற்றுப்பயணிகளுக்குச் சின்னச் சின்ன விளக்கு விற்றுத்தான் தன் பெரிய வேலைகளுக்கு மண் வாங்குகிறார். என்னிடம் வார இறுதியில் வகுப்புக்கு வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு 120 வெள்ளி கொடுக்கிறார்கள், பேரமே பேசாமல். அந்தப் பணத்தில்தான் உங்கள் பானைக்கான விறகு வாங்குகிறேன். பானை செய்து காட்டுவதற்கு இந்த ஊரில் ஒரு விலை இருக்கிறது, முகம் தெரியாதவர்களே கொடுக்கிறார்கள், நம் குழு மட்டும்தான் சாப்பாடும் பொன்னாடையும் போதும் என்கிறது.

மற்றவர்களைப் பாருங்கள் என்று சொல்வது பொறாமையால் இல்லை. பேராக்கில் கோலகங்சார் பக்கம் சாயோங்கில் செய்யும் லாபு சாயோங், சுரைக்காய் வடிவத்தில், சூட்டோடு உமியில் புதைத்துக் கறுப்பேற்றிய நீர்க்குடம், அதை அவர்கள் சமூகமும் அரசுக் கைவினைத் துறையும் தூக்கிப் பிடித்திருப்பதால் இன்று நாடு முழுக்கத் தெரியும், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஜொகூரில் ஆயர் ஈத்தாம் பக்கம் சீனர்கள் மலைச்சரிவில் நீளமாக ஏறிப்போகும் டிராகன் சூளைகளில் சுட்டார்கள். அந்த மாதிரிச் சூளைகளில்தான் ஒரு காலத்தில் ரப்பர் மரத்துப் பால் மங்குகளும் வெந்தன, நம் பாட்டிமார் விடியற்காலையில் துடைத்துத் துடைத்து மரத்தில் கவிழ்த்த அதே மங்குகள். இந்தக் கோலாலம்பூரே 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்பு ஓலைக் குடிசைகளை விட்டுவிட்டுச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னதில் எழுந்த ஊர், நாம் இன்று பூமாலை வாங்கும் பிரிக்பீல்ட்ஸில் அன்றைக்குச் சூளைகள் எரிந்தன. சுட்ட மண்ணுக்கு இந்த நாட்டில் மூன்று இனத்திலும் ஆட்கள் இருந்தார்கள். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான் பக்கம் தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் நம்மவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு முழுமையாகும். அவர்களுக்காகப் பேச அரசாங்கத்திடம் போவதற்கு முன்னால், நம் கோயிலும் நம் சங்கமும் நம்மவர் பானையை வாங்க வேண்டாமா?

இனி நான் உங்களிடம் கேட்பது என்ன என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. பேசிய 500 பானையில் சுட்டு முடிந்தவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டெய்னர் பானைகளுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது என்றால், அவற்றைக் கூடத்தில் அலங்காரத்துக்கு வையுங்கள், அடுப்பில் ஏற்ற எங்களுடையதை எடுங்கள். அதுவும் முடியாது என்றால், உங்கள் குழுவில் இருக்கும் கோயில்கள் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், நான் அதுவரை வைத்திருக்கிறேன். ஆனால் பேச்சைக் காப்பாற்றுங்கள்.

அடுத்த வருடத்துக்கு ஆர்டர் ஜூலைக்குள் எழுத்தில் வர வேண்டும், மூன்றில் ஒரு பங்கு முன்பணத்தோடு, மிச்சம் பானையை இறக்கிய அன்றே. என்னிடமே எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை, கோலசிலாங்கூரிலும் மற்ற இடங்களிலும் இருக்கும் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுங்கள், யார் யார் என்று நான் சொல்கிறேன். பானையின் அடியில் செய்தவர் அடையாளம் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள், ஸ்பான்சர் பெயரைப் பையில் அச்சடித்துக்கொள்ளலாம். பானையோடு ஒரு சின்னச் சீட்டும் போகட்டும், புதுப் பானையை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பில் வைக்கக் கூடாது, முதலில் கஞ்சித் தண்ணீரைக் காய்ச்சினால் பானை பலப்படும் என்று எழுதி. அதை நானே எழுதித் தருகிறேன். விழா முடிந்ததும் உடைந்த பானைகளைக் குப்பையில் போடாமல் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள், வேன் எடுத்துக்கொண்டு வந்து அள்ளிக்கொள்கிறேன், இடித்துப் பொடியாக்கி அடுத்த வருட மண்ணில் கலந்தால் பானை சூட்டைத் தாங்கும்.

செய்து காட்ட வருகிறேன், சந்தோஷமாக வருகிறேன், ஆனால் கூலியோடு. பாட்டுக்காரர்களுக்கும் நாட்டியக் குழுவுக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை எனக்கும் வேண்டும்.

திருநீலகண்ட நாயனார் குருபூசை தை விசாகத்தில் வருகிறது. தில்லையில் பானை வனைந்து, சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்த அவர் எங்களவர். உங்கள் குழுவில் இருக்கும் ஏதாவது ஒரு கோயில் அன்றைக்குத் தன் மண்டபத்தை எங்களுக்குத் திறந்துவிடட்டும், பொங்கல் பானை மட்டும் என்று இல்லாமல், நாங்கள் சொந்தமாக யோசித்துச் செய்த வேலைகளையும் வைக்க. பினாங்கு அண்ணனையும் வரச் சொல்கிறேன். யாரும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார்க்கட்டும்.

பானை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் பானை செய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்தான் என்று இல்லை, யாராவது ஒருவர். அடுத்த கூட்டம் எப்போது என்று செயலாளர் அம்மா இந்த வாரத்துக்குள் தெரியப்படுத்தினால் வந்துவிடுவேன், அந்த 500இல் நான்கு பானைகளைக் கையோடு கொண்டுவருகிறேன், எல்லாரும் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
செந்தூலில் பானை செய்கிறவள்